கார் போர்ச்சில் வைக்க டேபிள் சா: எதை வாங்கலாம்?

சிப்புட் மரத்தூள்:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தாமான் வீடு, அதுவும் நடுவீடு, இரண்டு பக்கமும் சுவர் ஒட்டி அண்டை வீடுகள். பட்டறை என்று சொல்ல இருப்பது கார் போர்ச் மட்டும்தான், காடியை வெளியே எடுத்தால் இடம் உண்டு, உள்ளே விட்டால் இல்லை. இதுவரை கை ரம்பம், ஜிக்சா, ஒரு டிரில் இவற்றை வைத்தே ஓட்டிவிட்டேன். வெட்டு நேராக வருவதில்லை, அப்புறம் இழைப்புளியோடு உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடுகிறது. அதனால் டேபிள் சா, அதாவது மேசை நடுவே வட்ட பிளேடு நிற்கிற ரம்பம், ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.

செய்ய நினைப்பது சாமி மேடை ஒன்று, அம்மாவுக்குச் சமையலறை அலமாரி, டியூஷன் நடத்தும் தங்கைக்கு நீளப் பெஞ்சுகள். அலமாரிக்கு 18 மி.மீ. பிளைவுட், மேடைக்கு ரப்பர் மரப் பலகை. இன்னொன்றும் இருக்கிறது. அப்பா வேலை செய்த தோட்டத்தில் பழைய லயத்தைப் பிரித்தபோது கொஞ்சம் தூணும் விட்டமும் வாங்கி வீட்டுப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார், செங்கால் என்ற கனத்த மரம் என்கிறார், தூக்கிப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. 4 அங்குலச் சதுரம். அதைப் பலகையாக்கி பெஞ்சுக்கு மேல்பலகை போட ஆசை.

கையில் 3,000 வெள்ளி இருக்கிறது. ஹார்ட்வேர் கடை தவுக்கே "10 அங்குல பிளேடு எடு, அதுதான் பவர்" என்கிறார். சித்தப்பா, மூடிய பர்னிச்சர் பேக்டரியின் பழைய மெஷின் மலிவாக வருகிறது, மேசையே வார்ப்பிரும்பு, அதை எடு என்கிறார். யூடியூபில் அமெரிக்கர்கள் காட்டும் மாடல் நம்பர் இங்கே கடையில் கேட்டால் இல்லை. யார் சொல்வதைக் கேட்பது?

கிந்தா தச்சன்:

தம்பி, 8 அங்குலமா 10 அங்குலமா என்பதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஃபென்ஸ், மரத்தை ஒட்டித் தள்ளுவதற்குப் பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும் நேர்ச்சட்டம். கடைக்குப் போய் ஃபென்ஸைப் பூட்டி, அதன் கடைசி முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், அசைந்தால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள், மோட்டார் எத்தனை வாட்டாக இருந்தாலும் சரி. நேராக வெட்டு வருவதில்லை என்பதுதானே உங்கள் குறை, நேர்வெட்டைக் கொடுப்பது ஃபென்ஸ்தான்.

அடுத்தது ரைவிங் நைஃப். பிளேடுக்குப் பின்னால் நிற்கிற மெல்லிய தகடு, பிளேடு ஏறினால் கூடவே ஏறி, இறங்கினால் கூடவே இறங்கும். வெட்டிய வாய் மூடி மரம் பிளேடை நெருக்கினால், அல்லது மரம் ஃபென்ஸிலிருந்து விலகிப் பின்பக்கப் பல்லில் மாட்டினால், அந்தப் பல் மரத்தைத் தூக்கி உங்கள் பக்கமே எறியும், அதுதான் கிக்பேக். 210 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,800 சுற்று சுற்றும்போது பல் நுனியின் வேகம் நொடிக்கு 60 மீட்டருக்கு மேல், ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூட நேரம் கிடைக்காது. ரைவிங் நைஃப் இல்லாத மெஷினை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

மாடல் என்று கேட்டால் டிவால்ட் டிடபிள்யூஇ 7485 உங்கள் போர்ச்சுக்குச் சரியாக இருக்கும். பிளேடு 210 மி.மீ., 1,850 வாட், ஃபென்ஸ் பல்சக்கரத்தில் இரண்டு முனையும் சேர்ந்தே நகர்கிறது, அதனால் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் அளந்துகொண்டு இருக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் 622 மி.மீ. வரை திறக்கும். 4 அடிப் பிளைவுட்டில் சரிபாதி 610 தான், ஆக அந்தக் கணக்கும் முடிகிறது. வேலை முடிந்ததும் ஒரே ஆள் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். 10 அங்குலம்தான் வேண்டும் என்றால் போஷ் ஜிடிஎஸ் 254, 1,800 வாட், ஆழம் 80 மி.மீ. வெட்டும், டிவால்ட்டின் சின்னது 65 தான். இடமும் அதற்கேற்றபடி கூடுதலாக வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், 8க்கு 4 முழுப் பிளைவுட்டை எந்தச் சின்ன மெஷின் மேலும் தனி ஆளாக ஏற்றாதீர்கள். 18 மி.மீ. ஷீட் 30 கிலோ வரும், பாதி வெட்டியதும் ஒரு பக்கம் தொங்கும், தொங்கினால் திரும்பும், திரும்பினால் மேலே சொன்ன கதைதான். தரையில் தடித்த ஃபோம் பலகை விரித்து, ஷீட்டை அதன்மேல் போட்டு, நேர்ச்சட்டம் ஒன்றைக் கிளாம்ப் செய்து, கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவால் முதலில் துண்டாக்குங்கள். அப்புறம் டேபிள் சாவில் அளவுக்குக் கொண்டுவரலாம். உண்மையில் உங்கள் அலமாரி வேலைக்கு முதலில் வாங்க வேண்டியது சர்க்குலர் சாதான். 3,000 வெள்ளி முழுவதையும் டேபிள் சாவில் போட்டுவிடாதீர்கள், பிளேடு, கிளாம்ப், தூசு மாஸ்க், காதுக்கவசம் எல்லாம் அந்தக் காசில்தான் வர வேண்டும்.

மூவார் பழைய இரும்பு:

சித்தப்பா சொன்ன மெஷினைப் பற்றி. நான் மூவார் பக்கம், பர்னிச்சர் பேக்டரிகள் இங்கே வரிசையாக இருக்கின்றன, மூடும்போது இந்த மாதிரி மெஷின்கள் வெளியே வரும். விலையைக் கேட்கும் முன் மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேக்டரி மெஷின் என்றால் பெரும்பாலும் 415 வோல்ட் மூன்று பேஸ், உங்கள் தாமான் வீட்டில் ஒற்றை பேஸ் 240 தான் இருக்கும். லாரியில் வந்து இறங்கினால் அப்படியே நிற்கும்.

வழி இல்லாமல் இல்லை. தகட்டில் 240/415 என்று இரண்டும் போட்டிருந்தால், மோட்டாரை டெல்டா இணைப்புக்கு மாற்றி, ஒற்றை பேஸ் உள்ளே வாங்கி மூன்று பேஸ் வெளியே கொடுக்கும் இன்வெர்ட்டர் ஒன்று போடலாம், 3 குதிரைசக்தி வரை வீட்டில் சாதாரணமாக ஓட்டலாம். 415 மட்டும் என்றால் மோட்டாரையே மாற்ற வேண்டிவரும். இந்த வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்யட்டும், யூடியூபைப் பார்த்து நீங்களே செய்ய வேண்டாம். இதற்கெல்லாம் ஆகும் காசைச் சேர்த்தால் மலிவு என்ற பேச்சே போய்விடும், பழைய மெஷினில் ரைவிங் நைஃபும் இருக்காது, அதைப் பொருத்த இடமும் இருக்காது.

இரும்பு மேசை அருமையானதுதான், மரம் வழுக்கிக்கொண்டு போகும், மோட்டார் சத்தமும் பாதி. ஆனால் திறந்த போர்ச்சில், நம் ஊர் ஈரத்தில், மெழுகு தேய்க்காமல் ஒரு மாதம் விட்டால் துரு. இடமும் கூரையும் இருந்தால் நானே அதைத்தான் எடு என்பேன். உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம் ஜப்பான் பழைய சாமான் கடைகளில் அழகான மெஷின் கண்ணில் படும், 100 வோல்ட். அமெரிக்கச் சாமான் 120 வோல்ட். இரண்டையும் 13 ஆம்பியர் பிளக் மாட்டி நம் சுவரில் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். யூடியூப் நம்பர் இங்கே கிடைக்காததற்கும் இது ஒரு காரணம், வோல்ட் மாறினால் கம்பெனிக்காரன் பல நேரம் மாடல் நம்பரையும் மாற்றிவிடுகிறான்.

ஓய்வுபெற்ற கங்காணி மகன்:

மெஷினைப் பற்றி இவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தச் செங்காலை டேபிள் சாவில் விட ஆசைப்படாதீர்கள். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 900 கிலோவுக்கு மேல், ரப்பர் மரம் 600ஐ ஒட்டித்தான் வரும். 4 அங்குலம் என்றால் 100 மி.மீ., தச்சன் அண்ணன் சொன்ன இரண்டு மெஷினிலும் ஒரே தடவையில் போகாது, திருப்பிப்போட்டு இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும், சின்ன மோட்டார் திணறும், மரம் கருகும். அதைவிட முக்கியம், லயத்து மரம் என்றால் ஆணி. தகரம் அடித்தது, கொடி கட்டியது, சாமி படம் மாட்டியது, அப்புறம் கறையான் தகடு என்று ஐம்பது வருஷத்து ஆணி எல்லாம் உள்ளே இருக்கும், தலை துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கார்பைடு பல் அதில் பட்டால் உடைந்து பறக்கும். சின்ன மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி நான்கு பக்கமும் தடவி, ஆணியைப் பிடுங்கிவிட்டு, மரம் அறுக்கும் சா மில்லில், நாடா போன்ற பிளேடு ஓடும் பேண்ட் சாவில் பிளந்து வாங்குங்கள். ஆணி மரம் என்றால் சில மில்லில் தொடவே மாட்டார்கள், முதலிலேயே சுத்தம் செய்துவிட்டேன் என்று சொல்லி, பிளேடு போனால் காசு தருகிறேன் என்றும் சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாக முடியும். ஒன்றேகால் அங்குலப் பலகையாக வந்த பிறகு உங்கள் மெஷினில் அளவாக வெட்டிக்கொள்ளலாம்.

ரப்பர் மரம் வேறு விஷயம். எங்கள் காலத்தில் பால்மரத்தை வெட்டினால் புகைக்கூடத்து அடுப்புக்குத்தான், இப்போது அதில்தான் நாட்டின் பர்னிச்சர் ஏற்றுமதி ஓடுகிறது. மருந்து ஏற்றிக் காயவைத்த பலகையாகவே வாங்குங்கள். தோட்டத்தில் மறுநடவுக்குச் சாய்த்த மரம் சும்மா கிடைக்கிறது என்று பச்சையாகக் கொண்டுவந்தால் சில நாளிலேயே நீலம் பூத்துவிடும், அப்புறம் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும், அந்த மாவு சாமி மேடைக்குக் கீழே கொட்டினால் அம்மா உங்களைத்தான் கேட்பார். பச்சைச் சட்டத்தில் உள் இறுக்கமும் உண்டு, வெட்ட வெட்ட வாய் மூடும், அப்போதுதான் ரைவிங் நைஃபின் அருமை தெரியும்.

சிப்புட் மரத்தூள்:

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் மோட்டார் தகட்டைக் கேட்டேன், 415 மட்டும்தான் போட்டிருக்கிறது. அந்தப் பேச்சு முடிந்தது. சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம், பரவாயில்லை.

இரண்டு கேள்வி. விரல் பட்டால் தானாக நின்றுவிடும் மெஷின் இருக்கிறதே, அதற்குக் காசு சேர்த்துக் காத்திருக்கலாமா? பக்கத்து வீட்டு அங்கிள் நைட் ஷிப்ட், பகலில் தூங்குகிறார், சத்தத்துக்கு என்ன செய்வது?

கிந்தா தச்சன்:

நீங்கள் சொல்வது சாஸ்டாப். ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது, 2004இல் விற்பனைக்கு வந்தது. பிளேடில் சின்ன மின் சமிக்ஞை ஓடும், தோல் பட்டால் அது மாறும், உடனே அலுமினியக் கட்டை ஒன்று பல்லில் பாய்ந்து 5 மில்லி நொடிக்குள் நிறுத்திவிடும். உண்மையாகவே விரலைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒருமுறை பாய்ந்தால் அந்தக் கட்டைப் பெட்டியும் போச்சு, பெரும்பாலும் பிளேடும் போச்சு. ஈரமான மரம், ஆணி பட்டாலும் பாயலாம். விலை உங்கள் 3,000க்குள் அடங்காது. அதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்து, அதுவரை கை ரம்பத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கிக்பேக்கை அது நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விரலுக்குச் செலவில்லாத காவல் இருக்கிறது. பிளேடு மூடியைக் கழற்றி மூலையில் போடாதீர்கள். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடையே ஒரு சாண் இடம் இல்லை என்றால் கையை விடாதீர்கள், தள்ளுகட்டையால் தள்ளுங்கள். பிளேடுக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் நில்லுங்கள். கையுறை வேண்டாம், பல் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். நம்மவர்கள் வீட்டில் கைலியோடு மெஷின் பக்கம் வருவார்கள், அதுவும் வேண்டாம்.

பூச்சோங் அக்கா:

சத்தத்துக்கு நான் சொல்கிறேன், பத்தாவது மாடி பிளாட்டில் மரவேலை செய்கிறவள். இந்தச் சின்ன மெஷின் எல்லாம் கார்பன் பிரஷ் மோட்டார், ஊளையிடும், 100 டெசிபலைத் தொடும், எந்த பிராண்டு என்றாலும் அதே கதைதான். அடியில் ரப்பர் பாய் போட்டால் தரை அதிர்வு குறையும், ஊளை குறையாது. அங்கிள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று நேராகப் போய்க் கேட்டுவிடுங்கள், கையில் ஏதாவது பலகாரத்தோடு போங்கள். எல்லா அளவையும் முன்பே குறித்து வைத்துக்கொண்டால் ஒரு அலமாரிக்கான வெட்டு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், மீதி வேலை சத்தமில்லாததுதான். சத்தத்தைவிடத் தூளைப் பாருங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் வகையிலேயே போட்டிருக்கிறது. பின்னால் தூளை உறிஞ்ச வேக்கும் கிளீனர் மாட்டுங்கள், முகத்தில் என்95 மாஸ்க்.

மூவார் பழைய இரும்பு:

கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. 1,850 வாட் என்றால் 240 வோல்ட்டில் 8 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே, 13 ஆம்பியர் பிளக் தாங்கும். எக்ஸ்டென்ஷன் ரீலைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் உள்ளே சூடாகி உருகும், முழுவதும் இழுத்து விரித்துவிட்டு ஓட்டுங்கள், வயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதே பிளக் பாயிண்டில் வேக்கும் கிளீனரும் ஓட வேண்டாம்.

பிளேடு வாங்கும்போது நடுத்துளையைக் கேளுங்கள், டிவால்ட்டுக்கு 30 மி.மீ., தவுக்கே கடையில் தொங்குவதில் நிறைய 25.4, பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். நீளவாக்கில் பிளக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 பல், இரண்டும் வேண்டும். வெட்டின் அகலம் ரைவிங் நைஃபின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், தடிமன் நைஃப் மேலேயே அடித்திருப்பார்கள். மெல்லிய பிளேடு என்று மலிவாக வாங்கிப் போட்டால் மரம் நைஃபில் போய் முட்டி நிற்கும்.