பழைய லேப்டாப்பில் வைஃபை சிக்னல் வீக்: எந்தக் கார்டு போட்டால் சரியாகும்?

அகல்விளக்கு கேட்டது:

2010 வாக்கில் வந்த லேப்டாப். உள்ளே அரை அளவு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வைஃபை கார்டு இருக்கு. 'என்' வகை (பழைய வைஃபை தலைமுறை), 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஒற்றை ஆன்டெனா, 150 எம்பிபிஎஸ். பக்கவாட்டில், வெளியிலிருந்து கார்டு செருகுற எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் ஒண்ணு சும்மா கிடக்கு. யுஎஸ்பி எல்லாமே 2.0. விண்டோஸ் 10 (64 பிட்), லினக்ஸ் ரெண்டும் போட்டிருக்கேன்.

ரவுட்டர் இருக்கிற அறையில் பிரச்சினை இல்லை. ஒரு சுவர் தாண்டினால் விண்டோஸ் 44 சதவீதம் காட்டுது, வீடியோ கால் அறுந்து அறுந்து போகுது. அதே மேசையில், அதே 2.4 அலைவரிசையில் போன் மைனஸ் 61 டிபிஎம் காட்டுது (சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர பலம் அதிகம்). எக்ஸ்பிரஸ்கார்டு வாங்கலாமா, உள்ளே இருக்கிற கார்டை மாத்தலாமா, யுஎஸ்பி அடாப்டர் போதுமா? ரேம், எஸ்எஸ்டி எல்லாம் போட்டு நல்லா ஓடுற மிஷின். வைஃபைக்காக ஒதுக்கி வைக்க மனசில்லை.

அலைநீளம் பதில்:

கார்டு வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. விண்டோஸ் காட்டும் சதவீதத்தை டிபிஎம்முக்கு மாற்றுவது சுலபம்: பாதியாக்கி, 100-ஐக் கழியுங்கள். 44-இல் பாதி 22, ஆக மைனஸ் 78. போன் மைனஸ் 61. வித்தியாசம் 17 டெசிபெல், அதாவது போனுக்குக் கிடைக்கும் சக்தியில் ஐம்பதில் ஒரு பங்குதான் உங்கள் லேப்டாப்புக்கு வந்து சேர்கிறது. இந்த அளவீடுகள் கருவிக்குக் கருவி நாலைந்து டெசிபெல் முன்னே பின்னே இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். 17 என்பது அப்படித் தள்ளிவிடக்கூடிய எண் இல்லை. ஒழுங்காக இருக்கும் லேப்டாப்பின் ஆன்டெனா, போனுடையதை விடப் பெரியது. திரையின் மேல் விளிம்பில் உயரமாக நிற்பதால் இன்னும் நன்றாகவே எடுக்க வேண்டும். ஆகவே என் சந்தேகம் கார்டின் மேல் இல்லை, ஆன்டெனா ஒயரின் மேல்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஒற்றை ஆன்டெனா கார்டு போட்ட லேப்டாப்களிலும் பெரும்பாலும் திரைப் பக்கத்திலிருந்து இரண்டு ஒயர் வரும், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை அல்லது சாம்பல். ஒன்று கார்டில் மாட்டியிருக்கும், மற்றது பிளாஸ்டிக் உறைக்குள் செருகியோ டேப் ஒட்டியோ ஓரமாகக் கிடக்கும். அந்த இரண்டாவதை மாட்டி, அதே மேசையில், அதே கோணத்தில் திரையை வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

லேப்டாப்பை முழுதாக அணைத்து (ஸ்லீப் போதாது), சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்த பிறகு அடி மூடியைத் திறங்கள். ஆன்டெனா முனை 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குட்டி வட்டத் தொப்பி. ஒயரைப் பிடித்து இழுத்தால் தொப்பி அப்படியே நிற்கும், ஒயர் மட்டும் கையோடு வரும். தொப்பியின் விளிம்புக்கு அடியில் நகத்தையோ பிளாஸ்டிக் நெம்பியையோ கொடுத்து நேர் மேலாகத் தூக்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டக்கூடாது. மாட்டும்போது சரியாக நேர்மேலே உட்கார வைத்து விரல் நுனியால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு மெல்லிய உணர்வு கைக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் உட்காரவில்லை. பலம் போடாமல் எடுத்து மறுபடி வையுங்கள், பலம் போட்டால் நடு ஊசி வளையும். இந்த முனைகள் சுமார் 30 தடவை மாட்டிக் கழற்றுவதற்கு மட்டுமே செய்யப்பட்டவை.

மல்டிமீட்டர் வைத்து ஒயரைச் சோதிக்கிறேன் என்று இறங்காதீர்கள். லேப்டாப் ஆன்டெனாக்களில் பல தலைகீழ் 'எஃப்' வடிவம். அவற்றில் நடுக்கம்பியும் வெளி வலையும் ஷார்ட் ஆனது போலத்தான் மீட்டர் காட்டும், ஆன்டெனா பழுதே இல்லாவிட்டாலும்.

ஈயப்பற்று பதில்:

மேலே சொன்னதை முதல்ல பண்ணிடுங்க. ஒயர் கெட்டிருந்தா எந்த உள்கார்டு போட்டாலும் கதை அதேதான்.

கார்டு மாத்துறதா இருந்தா, உங்க ஸ்லாட்டுக்கு நேரா பொருந்துறது இன்டெல் 7260-இன் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வடிவம். ரெண்டு ஆன்டெனா, 2.4-உம் 5-உம் எடுக்கும், 'என்'னுக்கு அடுத்து வந்த 'ஏசி' வகை, 867 எம்பிபிஎஸ் வரை. லினக்ஸ் கர்னல் 3.10-லிருந்தே டிரைவர் உள்ள இருக்கு. ஒற்றை ஆன்டெனாவிலிருந்து ரெட்டைக்குப் போறது வேகத்துக்கு மட்டும் இல்லை. ரெண்டுலயும் வர்ற சிக்னலைக் கார்டு சேர்த்து வாங்கும், ஒண்ணு சரியா எடுக்காத இடத்துல மத்தது கை கொடுக்கும். திரையைக் கொஞ்சம் சாய்ச்சா வைஃபை போகுது, நிமிர்த்தினா வருதுங்கிற தொல்லை பெரும்பாலும் அதோட போயிடும்.

இன்டெல் ஏஎக்ஸ்200 மாதிரி புதுசு போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. போடலாம், ஆனா அது எம்.2 கார்டு, புது லேப்டாப்ல வர்ற வேற வடிவம். நடுவுல மாற்றுப் பலகை வேணும், அது உயரத்தையும் நீளத்தையும் கூட்டும், அரை அளவு ஸ்லாட்ல மூடி மூடாமப் போகலாம். எம்.2 கார்டோட ஆன்டெனா முனையும் இதைவிடச் சின்னது, உங்க பழைய ஒயர் அதுல உட்காராது. இதுல மாடல் எண் ஒண்ணு தப்பினா மொத்தமும் வீண்: 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இதெல்லாம் பாதி வேலையை மதர்போர்டுல இருக்கிற இன்டெல் சிப்செட்டுக்குள்ள விட்டுட்டு வர்ற கார்டு. பழைய போர்டுல செருகினா இருக்கிறதாவே தெரியாது. 9260, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 தான் தனியா நிக்கிற கார்டு.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க மாடலுக்கு பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கிற அடிப்படை மென்பொருள்) தடை இருக்கான்னு தேடிப் பாருங்க. அந்தக் காலத்து லேப்டாப்கள் சிலதுல, பயாஸ் பட்டியல்ல இல்லாத கார்டைப் பார்த்தா பூட் ஆகாமலே நின்னுடும். பழைய திங்க்பேட்ல 1802-ங்கிற எண்ணோட ஒரு எச்சரிக்கை வரும், அது இதுதான். அப்படி இருந்தா அந்தப் பட்டியல்ல இருக்கிற கார்டையே வாங்கணும், இல்லைன்னா யுஎஸ்பிதான். மாத்தி எழுதின பயாஸ் ஏத்துறதை நான் சொல்ல மாட்டேன். ஏத்தும்போது ஏதாவது தப்பாச்சுன்னா வைஃபை மட்டும் போகாது, போர்டே போயிடும்.

அகல்விளக்கு பதில்:

ரொம்ப நன்றி. வெள்ளை ஒயர் பேட்டரி பக்கமா உறை போட்டு சுருண்டு கிடந்தது. அதை மாட்டினதும் 44 இருந்த இடத்தில் 70 சதவீதம். அப்போ மைனஸ் 65, போனுக்குக் கிட்டத்தட்ட வந்தாச்சு. ஆனா 7260-க்கு ரெண்டு ஒயரும் வேணுமே, கறுப்பு ஒயரை என்ன செய்யறது? எக்ஸ்பிரஸ்கார்டை விட்டுடலாமா? பயாஸ் தடை என் மாடலுக்கு இருக்கிறதா எங்கேயும் காணோம்.

நெய்தல் பதில்:

எக்ஸ்பிரஸ்கார்டு பற்றி நான் சொல்கிறேன். முதலில் ஸ்லாட் எது என்று உறுதி செய்யுங்கள். டம்மி அட்டையை வெளியே எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வரிசை வரிசையாக ஊசிகள் நின்றால் அது பழைய கார்ட்பஸ். 34 மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையான தொடுமுனை இருந்தால் எக்ஸ்பிரஸ்கார்டு. ஒன்றின் கார்டு மற்றதில் போகாது.

சிக்னலுக்காக இதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். இந்தக் கார்டுகளின் ஆன்டெனா, வெளியே துருத்தி நிற்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிளாஸ்டிக்குக்குள் படுத்த நிலையில் இருக்கும். ஒரு பக்கம் லேப்டாப்பின் உலோகச் சட்டம், அடியில் மேசை, மேலே உங்கள் கை. ரவுட்டரின் கம்புகளோ செங்குத்தாக நிற்கின்றன. நல்ல நிலையில் உள்ள திரை ஆன்டெனாவை இது மிஞ்சுவது அரிது. உள் ஸ்லாட் செத்துப்போன, அல்லது பயாஸ் தடை உள்ள மிஷினுக்குத்தான் இது கைகொடுக்கும்.

யுஎஸ்பியின் பலம் வேறு: ஆன்டெனாவை நகர்த்தலாம். அடாப்டரை லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் அந்தப் பலம் போய்விடும். ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் நீட்டிப்பு ஒயர் போட்டு, அலமாரி மேலோ கதவு நிலைக்கு நேராகவோ உயர்த்தி வையுங்கள். 2.4-இன் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான், ஒரு சாண் நகர்த்தினாலே அளவு மாறும். விலையுயர்ந்த அடாப்டருக்குப் பதில் நல்ல ஒயர் வாங்கியவருக்கு இதில் லாபம் அதிகம். யுஎஸ்பி 2.0 என்பதால் 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர். 'ஹை பவர்' என்று விற்கும் சில அடாப்டர்கள் அதற்கு மேல் இழுத்து, பதிவேற்றம் நடக்கும்போது மட்டும் துண்டித்துக்கொள்ளும். லினக்ஸுக்கு மீடியாடெக் எம்டி7612யு சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், 4.19 கர்னலிலிருந்து டிரைவர் உள்ளேயே வருகிறது. டிரைவரைத் தனியே கம்பைல் செய்யச் சொல்லும் சிப்புகள் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் உங்களைத் திரும்ப வேலை வாங்கும்.

எந்த வழியில் போனாலும் பழைய உள்கார்டை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாது.

அலைநீளம் பதில்:

13 டெசிபெல் ஒரே ஒயர் மாற்றத்தில் திரும்ப வந்திருக்கிறது என்றால் கறுப்பு ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. முனைத் தொப்பி தளர்ந்திருக்கலாம். அது நன்றாக இருந்தால் கீல் மடியும் இடம்தான். வருடக்கணக்கில் திறந்து மூடி வெளி வலை இற்றுப்போகும்.

அதை ஒட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். தடிமன் 1.13 மில்லிமீட்டர். ஒட்டுப் போட்ட இடத்திலேயே சிக்னல் சிதறும், 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் மோசம். உங்கள் மாடலுக்கான ஆன்டெனா ஜோடி கிடைத்தால் திரைச் சட்டத்தைக் கழற்றி முழு ஒயரையும் மாற்றுங்கள். கீலில் பழைய ஒயர் போன பாதையிலேயே, திரையை முழுதாகத் திறந்தாலும் இழுபடாத அளவு தளர்வு விட்டுப் போடவும். சட்டத்தை எடுக்கத் தயக்கமாக இருந்தால், பின்னால் பசை உள்ள பட்டை ஆன்டெனா ஒயரோடு கிடைக்கும். இரண்டு அலைவரிசைக்கும் என்று குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்கி, கைவைக்கும் பகுதியின் பிளாஸ்டிக்குக்கு அடியில் ஒட்டுங்கள். உள்பக்கம் வெள்ளி நிறப் பூச்சோ ஃபாயிலோ இருக்கும் இடத்தில் ஒட்டினால் பயனில்லை, அது தடுப்புக் கவசம். திரைக்குள் இருப்பதைவிட இது ஒரு படி குறைவுதான், ஆனால் துணை ஆன்டெனாவாகத் தாராளமாகப் போதும். நல்ல வெள்ளை ஒயரைக் கார்டின் முதன்மை முனையில் மாட்டுங்கள். இன்டெல் கார்டில் வெள்ளை முக்கோணம் முதன்மை, கறுப்பு முக்கோணம் துணை.

ரவுட்டர் பக்கமும் ஒரு வேலை. 2.4-இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40-இல் இரைச்சலும் இரு மடங்கு உள்ளே வரும், சுவருக்குப் பின்னால் அது நஷ்டம். பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் ஆக இருக்கட்டும். பழைய குறியாக்க முறையான டிகேஐபி என்று இருந்தால் எந்தக் கார்டு போட்டாலும் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது.

அகல்விளக்கு பதில்:

கடைசியா ஒண்ணு. 7260 மாட்டின பிறகு 'வயர்லெஸ் சுவிட்ச் ஆஃப்'னு விண்டோஸ் சொல்லிக்கிட்டே இருக்கு, முன்பக்கச் சுவிட்சை எப்படித் தள்ளினாலும் அதேதான். கார்டு டிவைஸ் மேனேஜரில் தெரியுது.

ஈயப்பற்று பதில்:

கார்டு பழுது இல்லை. ஸ்லாட்டோட 20-ஆம் முனை வழியா 'ரேடியோவை அணை'ங்கிற கட்டளை வருது, பழைய கார்டு கண்டுக்காம விட்டதை இது மதிக்குது. முதல்ல பயாஸ்ல வயர்லெஸ் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தும் வரலைன்னா அந்த முனையை மறைச்சிடலாம்.

கார்டைக் கவிழ்த்து, ஸ்டிக்கர் இல்லாத பின்பக்கத்தைப் பாருங்க. தங்க முனைகள் நடுவுல ஒரு வெட்டு இருக்கும், ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் 18. வெட்டை ஒட்டி 18 இருக்கிற பக்கத்துல ரெண்டாவது முனைதான் 20. சூடு தாங்குற கேப்டான் டேப்ல ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கீற்று வெட்டி அது மேல மட்டும் ஒட்டி, நுனியை முன்பக்கமா மடிக்காம விளிம்போட நறுக்கிடுங்க. செல்லோ டேப் வேண்டாம், சூட்டுல பசை இளகி ஸ்லாட்டுக்குள்ள இறங்கிடும். பக்கத்து முனை மேல ஏறினா கார்டே தெரியாமப் போகும், பயப்படாம எடுத்து மறுபடி ஒட்டுங்க. இதுக்கப்புறம் முன்பக்கச் சுவிட்ச் வேலை செய்யாது, வைஃபையை அணைக்கணும்னா விண்டோஸ்லயேதான் அணைக்கணும்.