ஈயக்குண்டில் பவுடர் கோட்டிங் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது: டப்பாவில் குலுக்கும் முறை, உதவி தேவை

கரைத்தூண்டில் (தூத்துக்குடி)

வணக்கம். தூண்டிலுக்கான ஈயக்குண்டுகளை வீட்டிலேயே வார்க்கிறேன். முட்டை வடிவம், நடுவில் ஓட்டை, 15 கிராம் முதல் 90 கிராம் வரை. வெறும் ஈயம் கையைக் கறுப்பாக்குகிறது, தங்கூஸிலும் (நைலான் தூண்டில் நரம்பு) கறை ஏறுகிறது. பெயின்ட் அடித்தால் பாறையில் உரசியதும் உரிந்துவிடும். அதனால்தான் பவுடர் கோட்டிங்குக்கு, அதாவது நிறத் தூளை ஒட்டவைத்து ஓவனில் சுட்டுப் படலமாக்கும் முறைக்கு, வந்தேன்.

ஸ்பிரே துப்பாக்கி கிடையாது. பழைய ஹார்லிக்ஸ் பிளாஸ்டிக் ஜாரில் குண்டுகளையும் தூளையும் போட்டு, மூடிக் குலுக்கி, எடுத்து ஓ.டி.ஜி.யில் (சிறிய மின்சார ஓவன்) 200 டிகிரியில் 15 நிமிடம் சுடுகிறேன். கோடையில் சிவப்புத் தூள் அருமையாக ஒட்டியது. மழை தொடங்கியதிலிருந்து ஒரு பக்கம் ஒட்டுகிறது, மறுபக்கம் ஈயம் பளிச்சென்று தெரிகிறது. சிலவற்றில் ஊசி குத்தினாற்போலப் பொத்தல். பெரிய குண்டுகளில் சுட்ட பிறகும் நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறது. பலமாகக் குலுக்கினால் இன்னும் மோசம். எங்கே கோளாறு?

தூள்கடை (கோவை)

பவுடர் கோட்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. முதலில் திட்டு.

எங்கள் துப்பாக்கி தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து அனுப்பும். உங்கள் ஜாரில் அந்த வேலையைச் செய்வது உரசல் மட்டும்தான். காற்றில் ஈரம் ஏறினால் அந்த மின்னேற்றம் நிற்காமல் கசிந்துவிடும். தூத்துக்குடியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். தூளே ஈரம் குடித்துக் கட்டி தட்டியிருக்கவும் கூடும். கட்டியைச் சலித்து எடுத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். உலர்த்துகிறேன் என்று தூளை வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது, ஜாரை மாற்றுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட டப்பா வேண்டும், அதாவது பாலிபுரொப்பிலீன். பிரியாணி பார்சல் டப்பாக்கள் பெரும்பாலும் அதுதான். கூடவே பொம்மைத் துப்பாக்கியின் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளை ஒரு கைப்பிடி போடுங்கள். உரசலைக் கூட்டுவது அவைதான், ஈயம் ஈயத்தோடு நேரடியாக மோதுவதையும் குறைக்கும். பலமாகக் குலுக்கினால் மோசமாவது அந்த மோதலால்தான். ஒட்டிய தூளை அடுத்த குண்டு தட்டிவிடுகிறது. டப்பாவை வட்டமாகச் சுழற்றுங்கள், ஒரு நிமிடம் போதும்.

அச்சுவார்ப்பு (எண்ணூர்)

அண்ணே சொன்னது சரி. நான் கேட்பது வேறு: அச்சுக்கு மெழுகுவத்திப் புகை காட்டுகிறீர்களா? வார்த்த குண்டை வெறுங்கையால் எடுக்கிறீர்களா? ஈயம் எங்கே வாங்கியது?

கரைத்தூண்டில்

புகை காட்டுவேன், இல்லாவிட்டால் குண்டு அச்சில் ஒட்டிக்கொள்கிறது. வெறுங்கைதான். ஈயம் டயர் கடையில் கிடைத்த பழைய வீல் பேலன்ஸ் வெயிட் (சக்கரம் ஆடாமல் சுழல மாட்டும் எடைத்துண்டு).

அச்சுவார்ப்பு (எண்ணூர்)

அங்கேதான் பொத்தல் வருகிறது. புகைக்கரியும் கை எண்ணெயும் இருக்கும் இடத்தில் தூள் உருகும்போது விலகிப்போகும். குண்டுகளை அசிட்டோனில் அலசுங்கள், திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல். நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகு கையுறையோடு மட்டும் தொடுங்கள். நடு ஓட்டைக்குள் ஈரம் தங்கினால் ஓவனில் ஆவியாகிப் படலத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நாள்பட்ட குண்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், அது ஈயத்தூசி. திரும்ப உருக்கி வார்ப்பதே நல்லது.

வீல் வெயிட்டில் துத்தநாகத் துண்டு கலந்திருக்கலாம், பொறுக்கிவிட்டு உருக்குங்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419-இல்தான். சட்டியை அளவாகச் சூடாக்கினால் துத்தநாகம் மேலே மிதக்கும், அள்ளிவிடலாம். பழைய பேட்டரித் தகட்டை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அமிலமும் ஆர்சனிக்கும் வீட்டில் கையாளும் பொருள் அல்ல.

தூள்கடை (கோவை)

செதில் உரிவது சரியாக வேகாததால். ஓ.டி.ஜி. திருகு காட்டும் எண்ணை நம்பாதீர்கள், உள்ளே தனியாக ஓவன் தெர்மாமீட்டர் வையுங்கள். தூள் பையில் 200 டிகிரி, 10 நிமிடம் என்று போட்டிருந்தால் அது உலோகம் அந்தச் சூட்டை எட்டிய பிறகு 10 நிமிடம். 90 கிராம் குண்டுகளைத் தட்டு நிறைய அடுக்கினால் உங்கள் 15 நிமிடத்தில் பாதி சூடேறவே போய்விடும். எட்டிய பிறகு எண்ணத் தொடங்குங்கள். ஆறியதும் அசிட்டோன் நனைத்த துணியால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் தாராளமாக வந்தால் வேகவில்லை. அடுத்து ஒரு குண்டைச் சுத்தியலால் நசுக்குங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. நல்ல படலம் ஈயத்தோடு சேர்ந்து நசுங்கும், உதிராது.

இன்னொன்று: 60 கிராமுக்கு மேல் குலுக்கும் முறையே எனக்குப் பிடிக்காது. கம்பியில் கோத்து, ஓவனில் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கி, தூளில் ஒரு முக்கு, உதறு, திரும்ப ஓவனில் தொங்கவிடு. ஓட்டையும் அடைபடாது.

நெய்தல் (நாகப்பட்டினம்)

ஈரம்தான் பிரச்சினை என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து குலுக்கலாமே?

வார்டு அக்கா (மதுரை)

தம்பி, தயவுசெய்து வேண்டாம். டப்பாவைத் திறக்கும்போது தூளும் ஈயத்துகளும் அறையில் படியும், ஏசி அதையே சுற்றிச்சுற்றி வீசும். குழந்தைகள் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது, உலக சுகாதார நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. தரையில் தவழும் குழந்தை உள்ள வீட்டில் இந்த வேலை மாடியிலோ கொல்லைப்புறத்திலோதான் நடக்க வேண்டும்.

கரைத்தூண்டில் தம்பி, அந்த ஓ.டி.ஜி.யில் வீட்டுச் சமையலும் நடக்கிறதா? நடந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இதற்கென்று ஒரு பழைய ஓவன், தனிச் சட்டி, தனிக் கரண்டி. என்95 முகக்கவசம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல், உடுத்திய துணியைத் தனியாகத் துவைத்தல். மழையில் வார்க்கவே கூடாது. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சட்டியே முகத்தில் தெறிக்கும். கோட்டிங் இருக்கிறதே என்று குண்டைப் பல்லில் கடிக்கும் பழக்கமும் கூடாது.

கரைத்தூண்டில்

ஓவன் இதற்கென்றே வாங்கிய பழையது அக்கா, கொட்டகையில் இருக்கிறது. சமையலுக்கு வேறு.

மழை விட்டு வெயில் வந்த மதியத்தில் எல்லோரும் சொன்னபடி செய்தேன். பிரியாணி டப்பா, பிளாஸ்டிக் குண்டு, அசிட்டோன் அலசல். சின்னக் குண்டுகளில் சிவப்பு முழுசாகப் பிடித்துவிட்டது, ஒரு பொத்தல்கூட இல்லை. தெர்மாமீட்டர் வைத்தால், திருகு 200 காட்டும்போது உள்ளே 170! பெரியதை முக்கி எடுத்தேன், சுத்தியல் சோதனையில் உதிரவில்லை. அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: வெள்ளைத் தூள் மட்டும் இன்னமும் ஒட்ட மறுக்கிறது.

தூள்கடை (கோவை)

அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. கடையில் கிடைக்கும் தூள் பெரும்பாலும் மின்சாரத் துப்பாக்கிக்கென்று கலந்தது. உரசலில் நன்றாக மின்னேறுமா என்பது அதன் சேர்மானத்தைப் பொறுத்தது, நிறத்துக்கு நிறம் மாறும். வெள்ளைதான் வேண்டுமென்றால் சின்னக் குண்டுகளையும் முக்கும் முறையிலேயே செய்யுங்கள். வாங்கும்போது சுத்த பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். எபாக்ஸி கலந்தது வெயிலில் சுண்ணாம்பாகப் பூத்துவிடும்.