அஸுமாவுக்கு நம் ஊரில் கைதட்டல் விழுமா?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
எங்கள் வாயனசாலையில் (நூலகத்தில்) அடுத்த மாதம் ஜப்பானிய இயக்குநர் தாகேஷி கிடானோவின் ‘வயலண்ட் காப்’ (1989) படத்தைத் திரையிட ஆசை. ஒரு தயக்கம். தொடக்கத்திலேயே, வீடற்ற முதியவரைத் தாக்கிய பையனின் அறைக்குள் புகுந்து அடிக்கிறார் துப்பறிவாளர் அஸுமா. நாளை நிலையத்துக்கு வந்து ஒப்புக்கொள் என்கிறார். அந்த அடிக்கு எங்கள் ஆட்கள் நிச்சயம் கைதட்டுவார்கள். லாக்கப் அடிக்கும் கைதட்டியது போலாகிவிடாதா?

சித்தூர் அண்ணன்:
தட்டட்டும், தம்பி. பிறகு கேளிக்கை விடுதிக் கழிப்பறையில் போதைப்பொருள் விற்பவனை அஸுமா அறைகிறார். விடாமல் அறை, அறை, மறுபடி அறை. கேள்விக்குப் பதில் வருவதற்குள் நமக்கே கன்னம் எரியும். கைதட்டிய கைகள் அங்கே தானாக மடங்கும். படத்தின் உயிர் அந்தக் காட்சிதான். அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

வாளையார் ரசிகை:
இதை முதலில் இயக்க இருந்தவர் கின்ஜி ஃபுகாசாகு. அவர் விலகியதால், தொலைக்காட்சியில் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த கிடானோ முதன்முறையாக இயக்குநரானார். அஸுமா சும்மா நடந்துகொண்டே இருப்பார், பின்னணியில் ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் இசை. எனக்கு அந்த நடை போதும். ஆனால் அவருடைய தங்கைக்கு நேர்வது கொடூரம். குழந்தைகளை அனுமதிக்கவே கூடாது.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
நன்றி. குழந்தைகள் வீடு திரும்பிய பிறகு, இரவுக் காட்சியாகவே போடுகிறோம். கழிப்பறைக் காட்சி முழுதாக இருக்கும். முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பேசவும் செய்வோம். நீங்கள் இருவரும் அவசியம் வரவேண்டும்.