டயாவில் குழாய்க் கோடுகள் குறுக்கிடும் இடம்: என்ன மேம்பாடு கேட்கலாம்?

கேள்வி

வணக்கம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் பணிபுரியும் ஆபரேட்டர்களுக்காகத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்து வருகிறேன். அதற்கான வரைபடங்களை டயா (Dia) என்ற கட்டற்ற வரைபட மென்பொருளில் வரைகிறேன். பம்பு, வால்வு போன்ற வேதிப்பொறியியல் குறியீடுகள் அதில் ஆயத்தமாகவே இருக்கின்றன; பயிற்சிக்கு வருபவர்களும் செலவின்றித் தங்கள் கணினியில் நிறுவி, அவரவர் நிலையத்துக்கு ஏற்ப வரைபடத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

என் முதன்மையான சிக்கல் கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் நிலைப் படிவுத் தொட்டியின் அடியில் தங்கும் கசட்டில் ஒரு பகுதி காற்றூட்டத் தொட்டிக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். எங்கள் வரைபடத்தில் அந்தத் திரும்பு குழாய், புளோயரிலிருந்து (காற்றை ஊதி அனுப்பும் கருவி) வரும் காற்றுக் குழாயைக் கடந்துதான் போக முடிகிறது. கையால் வரையும்போது அந்த இடத்தில் ஒரு சிறு அரைவட்டம் போட்டுத் தாண்டிவிடுவோம். டயாவிலோ இரண்டு கோடுகளும் கூட்டல் குறி போல வெட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்ப்பவர் அதை இரு குழாய்களின் இணைப்பு என்றே எடுத்துக்கொள்வார். வேலைக்குப் புதிதாக வந்தவர் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு குழாயைத் தொடர்ந்து போனால், இல்லாத ஓர் இணைப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. மடக்குக் கோட்டில் தானியங்கி வழித்தடத்தை (கோட்டின் பாதையை மென்பொருளே தீர்மானிக்கும் வசதி) இயக்கினால், இடையில் இருக்கும் தொட்டியைப் பொருட்படுத்தாமல் கோடு அதன் ஊடாகவே செல்கிறது. அடுத்து, பெட்டிக்குள் ‘இரண்டாம் நிலைப் படிவுத் தொட்டி’ என்று எழுதினால் வரி தானாக மடங்குவதில்லை. பெட்டிதான் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகிறது.

இவற்றுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறதா? இல்லையென்றால், தன்னார்வத்தில் நிரல் எழுதுபவர்கள் எடுத்துச் செய்யக்கூடிய வகையில் இந்தக் கோரிக்கையை எப்படி எழுதுவது?

முதல் பதில்

கடக்கும் இடத்துக்கு இப்போதைக்கு ஒரு மாற்று வழி சொல்கிறேன். டயாவின் வடிவக் கோப்புகள் எளிய எக்ஸ்எம்எல் (XML) உரைக் கோப்புகள். படங்களை உரையாக விவரிக்கும் எஸ்விஜி (SVG) மொழியின் ஒரு பகுதியைக் கொண்டு அவற்றில் வடிவத்தை வரையலாம். ஓர் அரைவட்ட வில்லை வரைந்து, அதன் இரு முனைகளிலும் இணைப்புப் புள்ளிகளை அறிவித்துவிட்டால், ‘தாண்டும் வளைவு’ என்ற உங்கள் சொந்த வடிவம் கிடைத்துவிடும். கசட்டுக் குழாயை இரண்டு கோடுகளாகப் பிரித்து இந்த வடிவத்தின் இரு முனைகளிலும் ஒட்டிவிடுங்கள். காற்றுக் குழாய் வளைவின் அடியால் தடையின்றிப் போகும்.

இது ஒப்பேற்றும் வேலைதான் என்பதை மறைக்கவில்லை. புளோயரைச் சற்று நகர்த்தினால் வளைவு பழைய இடத்திலேயே நின்றுவிடும். அதை நீங்கள்தான் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். எனவே உங்கள் கோரிக்கையின் தேவை இதனால் குறைந்துவிடாது. காற்று, நீர், கசடு ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளில் வரைவதும் உதவும். கட்டளை வரியிலிருந்து ஏற்றுமதி செய்யும்போது வேண்டிய அடுக்குகளை மட்டும் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், ஒரே கோப்பிலிருந்து கையேட்டின் மூன்று பக்கங்களுக்கு மூன்று படங்கள் எடுத்துவிடலாம்.

இரண்டாம் பதில்

நீங்கள் கேட்கும் மூன்றும் நியாயமானவை. ஆனால் மூன்றையும் ஒரே கோரிக்கையில் சேர்த்து எழுதாதீர்கள். ஒன்று முடிந்து மற்ற இரண்டும் நிலுவையில் நின்றால், அந்தக் கோரிக்கையை மூடவும் முடியாது, திறந்து வைத்திருப்பதிலும் பொருள் இருக்காது.

கோடு தாண்டும் வசதி வெளியிலிருந்து பார்க்கும்போது சிறியதாகத் தெரியும். உள்ளே நிலைமை வேறு. டயாவில் ஒவ்வொரு பொருளும் தன்னைத் தானே வரைந்துகொள்கிறது. தான் எந்த இணைப்புப் புள்ளியில் ஒட்டியிருக்கிறோம் என்பது ஒரு கோட்டுக்குத் தெரியுமே தவிர, தன்னைக் குறுக்கே கடப்பது யார் என்பது தெரியாது. அரைவட்டம் போட வேண்டுமானால் எல்லாக் கோடுகளின் வெட்டுப் புள்ளிகளையும் கணக்கிட வேண்டும். ஏதேனும் ஒன்று நகர்ந்தாலும் மறுபடி கணக்கிட வேண்டும். ஆகவே, ‘அந்த மென்பொருளில் இருக்கிறது, இதிலும் வேண்டும்’ என்று எழுதுவதைவிட, எது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்து எழுதுவதுதான் பயன் தரும். இரண்டு கோடுகளில் தாண்ட வேண்டியது எது? மேலே இருப்பது தாண்டும் என்று வைத்துக்கொண்டால், முன்னே கொண்டுவரும் கட்டளையைக் கொண்டே பயனர் அதை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு கோட்டின் பண்புகளிலும் ‘இல்லை, அரைவட்டம், இடைவெளி’ என்ற தேர்வு இருக்கட்டும். இயல்பு மதிப்பு ‘இல்லை’ என்று இருந்தால், பழைய கோப்புகள் எதுவும் தோற்றம் மாறாமல் திறக்கும். இந்தக் கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். பராமரிப்பவர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

தொட்டியை ஊடுருவும் வழித்தடத்துக்கு வேறொரு பாதை இருக்கிறது. தடைகளைச் சுற்றிக் கோட்டுக்கு வழி கண்டுபிடிப்பதற்கென்றே லிப்அவாய்ட் (libavoid) என்ற கட்டற்ற நிரலகம், அதாவது பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, உள்ளது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் இணைப்புக் கருவி அதைத்தான் பயன்படுத்துகிறது. லிப்அவாய்டின் உரிமம் எல்ஜிபிஎல் (LGPL), டயாவின் உரிமம் ஜிபிஎல் (GPL); இவை ஒன்றோடொன்று பொருந்தும் கட்டற்ற உரிமங்கள் என்பதால் உரிமச் சிக்கல் எழாது. டயா பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது, லிப்அவாய்ட் சி++ மொழியில் எழுதப்பட்டது. எனவே இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்புப் படலம் எழுத வேண்டியிருக்கும். என் கருத்தில், உங்கள் மூன்று கோரிக்கைகளில் பலருக்கும் பயன்படக்கூடியது இதுவே.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. வளைவு வடிவத்தைச் செய்து பார்த்தேன். அச்சில் தெளிவாக வருகிறது. தாண்டும் வசதியை நீங்கள் சொன்னபடி தனிக் கோரிக்கையாக எழுதுகிறேன். அரைவட்டத்தின் அளவையும் பயனர் தீர்மானிக்க முடிய வேண்டும் என்று சேர்க்க விரும்புகிறேன். ஏ4 தாளில் அச்சிடும் சிறிய படத்துக்கும் நிலையச் சுவரில் மாட்டும் பெரிய படத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. உரை மடங்கும் சிக்கலுக்கு எவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் பதில்

உரையைப் பொறுத்தவரை, இப்போது வரியை எங்கே உடைக்க வேண்டுமோ அங்கே நீங்களே என்டர் அழுத்த வேண்டும். ஆனால் டயா எழுத்துகளைக் கையாளப் பயன்படுத்தும் பாங்கோ நிரலகத்துக்கு, கொடுத்த அகலத்துக்குள் வரியை மடக்கத் தெரியும். தமிழ் எழுத்தைக் கொம்பு வேறு, மெய் வேறு என்று பிரிக்காமல் சேர்த்தே நிறுத்தவும் தெரியும். ஆகவே, ‘பெட்டியின் அகலத்தைப் பயனர் நிலைப்படுத்தினால் உரை அதற்குள் மடங்கி, பெட்டி கீழ்நோக்கி மட்டும் வளர வேண்டும்’ என்று கேட்டால் போதுமானது.

தமிழ்ப் பெயர்களோடு ஏற்றுமதி செய்யும்போது ஒரு கவனம் தேவை. அச்சுக்குப் பயன்படும் இபிஎஸ் (EPS) வடிவத்துக்கு அங்கே இரண்டு தேர்வுகள் உண்டு; மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் கொண்ட லத்தீன்-1 எழுத்துருக்களைப் பயன்படுத்துவதில் தமிழ் வராது, பாங்கோ எழுத்துருக்களைப் பயன்படுத்துவதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்விஜியிலும் கெய்ரோ (Cairo) என்ற வரைகலை நிரலகம் வழியாக எடுத்தால் எழுத்துகள் வெறும் உருவங்களாக மாறிவிடும். எந்தக் கணினியிலும் சிதையாமல் தெரியும் என்றாலும், பின்னர் பெயர்களைத் திருத்த முடியாது. உங்கள் ஆபரேட்டர்கள் திருத்த வேண்டுமென்றால் டயா கோப்பையே கொடுத்துவிடுவது நல்லது.

கோரிக்கையை க்னோம் (GNOME) என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கிட்லேப் (GitLab) தளத்தில், டயாவுக்குரிய பக்கத்தில் பதிய வேண்டும். எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். 2014-இல் வெளியான 0.97.3 பதிப்புக்குப் பிறகு வளர்ச்சிக் கிளையில் (இன்னும் உருவாகிவரும் நிரலில்) பல மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன. இரண்டு தொட்டிகளும் குறுக்கிடும் இரண்டு கோடுகளும் மட்டும் கொண்ட ஒரு சிறிய மாதிரிக் கோப்பை இணையுங்கள். சேமிக்கும்போது கோப்பைச் சுருக்கும் தேர்வை நீக்கிவிட்டால், அதைப் படிப்பவர்கள் உரைத் திருத்தியிலேயே திறந்து பார்த்துக்கொள்வார்கள்.