புதுப்பிப்பு: மைக்கா, அக்ரிலிக், தேக்கு – மூன்று வகைக் கதவுகளில் எண்ணெய்ப் பிசுக்கு

எங்கள் கும்பகோணத்து வீட்டுச் சமையலறையில் கீழே மைக்கா ஒட்டிய கதவுகளும், மேலே பளபளக்கும் அக்ரிலிக்கும், மூலையில் பாலிஷ் இட்ட தேக்கு அலமாரியும் இருக்க, தாளிப்புப் புகையில் படியும் பிசுக்கை எதைக் கொண்டு துடைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

மைக்காவுக்கு வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் துலக்கும் திரவமே போதுமானதாக இருக்கிறது. துணியை மட்டும் நன்றாகப் பிழிந்துகொள்ள வேண்டும். விளிம்புப் பட்டை பிரிந்த இடத்தில் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் துகள் பலகை (மரத்துகள்களை அழுத்திச் செய்தது) உப்பிவிடும், உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாகிவிடும் நம் டெல்டாவில், சிங்குக்குக் கீழுள்ள கதவின் அடிவிளிம்பை அவ்வப்போது விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பட்டை அங்கேதான் முதலில் நெகிழ்ந்தது. ஆசாரியை அழைத்து உடனே ஒட்டவைத்தோம்.

அக்ரிலிக்குக்கு மென்மையான மைக்ரோஃபைபர் துணி மட்டுமே. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் ஸ்பிரிட்டும் அதை மங்கச் செய்யக்கூடும். பாத்திரம் தேய்க்கும் நார் பட்டால் கீறல் விழும்.

தேக்கை மரவரியின் போக்கிலேயே துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்கிறோம். சமையல் சோடாவால் தேய்க்கும்படி வந்த யோசனையை, பாலிஷின் மினுமினுப்பு போய்விடும் என்பதால் நான் ஏற்கவில்லை.