எம்.ஏ. இசை படித்தவர்களே, முதலில் சறுக்கியது எங்கே?

தோடிப்பைத்தியம்:
பி.காம். முடித்துவிட்டு எம்.ஏ. இசைக்குப் போனவள் நான். ஏழு வயதிலிருந்து வாய்ப்பாட்டு. நுழைவுத் தேர்வில் வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடிவிட்டு வந்ததில் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

முதல் மாதமே இறங்கியது. பேராசிரியர் தோடி ராகத்தில் ஒரு சின்னப் பிடி பாடி, அதை ஸ ரி க என்று ஸ்வரங்களாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். "க ரி ஸ" என்று எழுதி நீட்டினேன். "எழுதினபடியே பாடும்மா" என்றார். பாடினால் தோடியைக் காணோம்! நேராகப் போய் ஹிந்துஸ்தானி பைரவி ராகத்தின் வாசலில் நிற்கிறேன். ஸ்வரங்கள் என்னவோ அதே ஸ்வரங்கள்தான்.

அன்று ராத்திரி என் குரலையே பதிவு செய்து, குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் பிராட் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். சாதாரண காந்தாரம் (தோடியின் "க") என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்லி வந்த அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) இடையே ஊஞ்சலாடுகிறது. சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் (1904, எட்டயபுரம்) ஸ்வரங்களுக்கு ஏன் அத்தனை குறிகள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் பாடும் கமகங்களில் கம்பிதம், நொக்கு, ஸ்புரிதம், ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். அதை அச்சுக்கோர்த்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உங்களுக்கெல்லாம் எப்படி?

சீவாளி:
எனக்கு நேர்மாறுங்க. எங்க வீடு நாகஸ்வர வீடு. கமகம் கையில தானா வரும், பேருதான் தெரியாது. வகுப்புல "இது என்ன கமகம்?"னு கேட்டா, வாசிச்சுக் காட்டிட்டு முழிப்பேன்.

ஆய்வேட்டுக்கு மல்லாரி எடுத்தேன். சாமி புறப்பாட்டுக்கு கம்பீரநாட்டை ராகத்துல வாசிக்கிறது, சாகித்யம் (பாட்டு வரி) கிடையாது. தளிகை (சாமிக்குப் படைக்கிற சோறு) மல்லாரி வேற, தேர் மல்லாரி வேறன்னு எழுதிட்டுப் போனா, "ஆதாரம் எங்கே?"னு அடிக்குறிப்பு கேட்டாங்க. எனக்கு ஆதாரம் எங்க தாத்தாதான். கோபம் வந்துச்சு, பொய் சொல்லல. நெறியாளர்தான் வழி சொன்னாங்க: தாத்தாவைப் பேட்டி எடு, தேதியும் இடமும் போடு, அதுவே சான்று.

தாத்தாவுக்கு அப்ப 82 வயசு. மைக்கைப் பார்த்ததும் உள்ள போய்ச் சட்டை மாத்திக்கிட்டு வந்தார். "வாசிங்க தாத்தா"ன்னா வாசிக்கிறார். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க"ன்னா சீவாளியை (நாகஸ்வரத்துல வச்சு ஊதுற நாக்கு) தேட ஆரம்பிச்சுடுறார். மூணு நாள் இப்படியே போச்சு. நாலாம் நாள் நான் வேணும்னே தேருக்கு உள்ளதைத் தளிகைக்கு வாசிச்சேன். "ஏண்டா, மடப்பள்ளியிலேர்ந்து சோறு வருது, அதுக்கு முன்னாடி தேரை இழுக்குறியா?"ன்னு ஆரம்பிச்சவர், ஒரு மணி நேரம் நிறுத்தல.

நாலுகளை:
நான் வயலின். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வில்லோடு போனால், "பல்லவியை வாயால் பாடுங்கள்" என்றார்கள். பல்லவி என்றால் ஒரே வரியை வைத்துக்கொண்டு தாளத்தில் விளையாடுவது. நான்கு களை, அதாவது தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கையும் நான்காக நீளும். கை தாளத்தை அப்படியே பிடித்திருக்க, பல்லவி மட்டும் இரண்டாம் காலம், மூன்றாம் காலம் போய், திஸ்ரத்துக்கும் (மும்மூன்றாகப் போகும் நடை) வர வேண்டும். திஸ்ரத்தில் அரையிடம் தள்ளி எடுப்புக்கு (பல்லவி தொடங்கும் இடம்) வந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிரிக்கவில்லை. என் தோழிதான் வாசலில் நின்று சிரித்தாள்.

படித்தால் வேலை உண்டா என்று தனியே கேட்கிறவர்களுக்கு: கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யூஜிசி நெட் தேர்வில் இசையும் ஒரு பாடம். இப்போதே அதற்குப் படியுங்கள். கச்சேரி வரும் என்று நம்பி வாடகை வீடு பார்க்காதீர்கள்.

தோடிப்பைத்தியம்:
சீவாளி, தாத்தா திட்டினதையும் ஆய்வேட்டில் சேர்த்தீர்களா?

சீவாளி:
பின்னிணைப்புல வரிக்கு வரி இருக்குங்க. சீவாளி தேடின நேரத்தைக்கூட விடல, "இடைவெளி, 4 நிமிடம்"னு போட்டிருக்கேன்.