ஜாவா 9-இன் தாமதமும் ஆறு மாத வெளியீட்டு முறையும்: எது நமக்கு நல்லது?

வைகறை:
2013 செப்டம்பரில் வர வேண்டிய ஜாவா 8 (ஜாவா நிரலாக்க மொழியின் எட்டாம் பதிப்பு), 2014 மார்ச்சில்தான் வந்தது. அதிலிருந்து ஒத்திவைக்கப்பட்ட மாட்யூல் அமைப்புக்காக (ஜாவாவைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் ஏற்பாடு) ஜாவா 9-இன் தேதி 2016-லிருந்து 2017 மார்ச்சுக்கும், பிறகு ஜூலைக்கும், இறுதியில் செப்டம்பர் 21-க்கும் தள்ளிப்போனது. மாட்யூலோடு சம்பந்தமே இல்லாத, நிரல் வரிகளை உடனுக்குடன் இயக்கிப் பார்க்க உதவும் ஜேஷெல்கூட அதற்காகக் காத்துக் கிடந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று ஆரக்கிளின் ஜாவா தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட் 2017-இல் முன்வைத்த திட்டமே இந்த நோய்க்குச் சரியான மருந்து என்பது என் உறுதியான கருத்து.

கல்தூண்:
நண்பரின் கருத்தை ஏற்க இயலவில்லை. 2017 மே மாதம் மாட்யூல் வரையறை ஜாவாவின் தரங்களை முடிவுசெய்யும் குழுவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஐபிஎம், ரெட் ஹேட் உள்ளிட்ட 13 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் 10 பேர்தான். அதே மாதத்தில்தான், ஜாவாவின் உட்பகுதிகளை ரிஃப்ளெக்‌ஷன் என்னும், நிரல் ஓடும்போதே பிற நிரல்பகுதிகளின் உள்ளே எட்டிப்பார்க்கும் வசதி வழியாகத் தொடும் பழைய நிரல்களைத் தடுக்காமல் எச்சரிக்கை மட்டும் தருவது என்ற தளர்வும் முன்மொழியப்பட்டது. நம்மில் பலருடைய நிரல்கள் ஜாவா 9-இல் ஓடியதற்கு அதுவே காரணம். தேதிதான் பெரிது என்று இருந்திருந்தால் அந்த எதிர்ப்பைக் கேட்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

வைகறை:
தேதி நிலையாக இருந்தால் பக்குவப்படாததை அந்தப் பதிப்பிலிருந்து விலக்கிவிடுவது எளிது. எழுத்துத் தொடருக்குள் மதிப்புகளைப் பொருத்தும் ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் வசதி 21, 22 பதிப்புகள் இரண்டிலும் முன்னோட்டமாக வந்தது. வடிவமைப்பு திருப்தி தராததால் 23-இல் எடுத்துவிட்டார்கள். 23 ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை.

கல்தூண்:
மேலே ஒட்டிய சிறு வசதியை எடுத்துவிடலாம். ஜேடிகே (ஜாவாவின் உருவாக்கக் கருவித்தொகுப்பு) முழுவதையும் பிரித்து அடுக்கிய மாட்யூலை அப்படி எடுக்க முடியுமா? குழப்பமும் தீரவில்லை. ஜாவா 9-க்கு அடுத்ததை முதலில் ஆண்டும் மாதமுமாக 18.3 என்றார்கள், பிறகு 10 என்று மாற்றினார்கள். 2018 மார்ச்சில் அது வந்தபோது எங்கள் அலுவலக ஸ்கிரிப்ட், பதிப்பு எண்களை எழுத்துகளாக ஒப்பிட்டு, 10 என்பது 8-ஐவிடப் பழையது என்று முடிவுகட்டி, சர்வரை இயக்க மறுத்தது. பிழை எங்களுடையதுதான். ஆனால் அதைத் திருத்திச் சோதித்து முடிப்பதற்குள் செப்டம்பரில் 11 வந்துவிட்டது. 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோயின.

நெடுவழி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆறு மாதப் பதிப்புகள் எல்லாவற்றையும் யாரும் நிறுவ வேண்டியதில்லை; 11, 17, 21 போன்ற, பல ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளே சர்வர்களுக்குரியவை. அவற்றுக்கான இடைவெளியையும் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தது மட்டும் எனக்கும் உடன்பாடில்லை.

வைகறை:
அந்தக் குறை நியாயமானது. ஆயினும் 2018 முதல் ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டம்பரிலும் பதிப்பு வந்திருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான வேலையை இன்றே திட்டமிட முடிகிறது. ஜாவா 9-க்குக் காத்திருந்தபோது என்னால் அது முடியவில்லை.

கல்தூண்:
தேதி தெரிவது உண்மைதான். ஆனால் 17 அந்த உட்பகுதிகளை இயல்பாகவே மூடிவிட்டதால், பராமரிப்பாளர் இல்லாத ஒரு பழைய நிரல் லைப்ரரிக்காக எங்கள் இரண்டு சர்வர்கள் இன்றும் 8-இல்தான் ஓடுகின்றன.